ரேடியனைத் தின்றது யார்? – ஒரு காமர்ஸ்காரனின் புகார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். மூன்றாம் வருடம். இதைப் படித்ததும் பிசிக்ஸ் நண்பர்கள், "உனக்கு எதுக்குடா இந்த வேலை, போய் பேலன்ஸ் ஷீட்டைப் போடு" என்று கிளம்பி வருவார்கள். வரட்டும். :-) கணக்குப் புத்தகத்தில் தலைப்பை அழித்துவிட்டு எண்ணை மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதே வேலையைப் பிசிக்ஸ் வகுப்பில் தினமும் தைரியமாகச் செய்கிறார்கள். தட்டிக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

மேட்டர் இதுதான். சுற்றுகிற பொருளின் வேகத்தை மூன்று விதமாகச் சொல்கிறோம். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றால் ஆர்.பி.எம். வினாடிக்கு எத்தனை சுற்று என்றால் ஹெர்ட்ஸ். வினாடிக்கு எத்தனை ரேடியன் என்றால் கோணத் திசைவேகம், அதாவது ஒமேகா. ஆர்.பி.எம்.மை 60-ஆல் வகுத்தால் ஹெர்ட்ஸ். அதை 2 பை-ஆல், அதாவது 6.2832-ஆல் பெருக்கினால் ரேடியன்/வினாடி. (பை என்றால் மளிகைக் கடைப் பை இல்லை. 3.1416.) அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பெருக்கல்.

இவ்வளவு எளிய கணக்கில் வருடா வருடம் இத்தனை பேர் வழுக்கி விழுவது ஏன்? "பசங்க கவனமா இல்லை" என்பது வழக்கமான பதில். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே இடத்தில் எல்லோரும் வழுக்கினால் தப்பு தரையில் இருக்கிறது, கால்களில் இல்லை. அந்தத் தரையில் எண்ணெய் ஊற்றிய வாக்கியம் எது என்றும் சொல்கிறேன்: "ரேடியனுக்குப் பரிமாணம் கிடையாது, அதனால் எழுதாமல் விட்டுவிடலாம்." இந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

மின்விசிறியிலிருந்து ஆரம்பிப்போம்

தலைக்கு மேலே பாருங்கள். 1200 மில்லிமீட்டர் சீலிங் ஃபேன். முழு வேகத்தில் 350 ஆர்.பி.எம். சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கையின் நுனி என்ன வேகத்தில் போகிறது?

350-ஐ 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 5.83 சுற்று. சுற்றுக்கு 6.2832 ரேடியன் என்றால் வினாடிக்கு 36.65 ரேடியன். நடுவிலிருந்து நுனிவரை 0.6 மீட்டர். பெருக்கினால் வினாடிக்கு 22 மீட்டர். மணிக்கு 79 கிலோமீட்டர். நம்மூர் டவுன் பஸ்ஸைவிட வேகமாக ஒன்று தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது!

இப்போது அந்த "விட்டுவிடலாம்" பாடத்தை நம்பிப் போடுவோம். 5.83 ஹெர்ட்ஸ் என்றால் 5.83/வினாடி. ஒமேகாவின் அலகும் ரேடியனை விட்டுவிட்டால் 1/வினாடிதான். அலகு பொருந்துகிறது, சூத்திரத்தில் போடலாம். 5.83 × 0.6 = 3.5. வினாடிக்கு 3.5 மீட்டர், மணிக்கு 12.6 கிலோமீட்டர். சைக்கிளில் நிதானமாகப் போகிற வேகம்.

இதில் பயங்கரம் என்னவென்றால், 12.6 என்ற விடையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. விடை 79,000 என்று வந்திருந்தால் "என்னடா இது, ராக்கெட்டா?" என்று திரும்பிப் பார்ப்போம். ஆயிரம் மடங்கு தப்பு கண்ணில் குத்தும். ஆறு மடங்கு தப்பு நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது, ஆனால்...

இங்கேதான் எங்கள் பாடம் உதவிக்கு வருகிறது. டிரையல் பேலன்ஸ் (தமிழ் மீடியத்தில் இருப்பாய்வு) டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது பதினோராம் வகுப்பிலேயே சொல்லித் தருவது. பற்றும் வரவும் சமமாக இருந்தாலும் சில பிழைகள் உள்ளேயே ஒளிந்திருக்கும். அதில் ஒன்று எரர் ஆஃப் பிரின்சிபிள், விதிப்பிழை. கடைக்கு மெஷின் வாங்கிய 50,000 ரூபாயைச் சொத்தில் எழுதாமல் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினால், மொத்தம் பைசா பிசகாமல் டேலி ஆகும். லாபம் மட்டும் பொய்யாக இருக்கும்.

பிசிக்ஸுக்கும் ஒரு டிரையல் பேலன்ஸ் இருக்கிறது. பரிமாணப் பகுப்பாய்வு. சமன்பாட்டின் இரு பக்கமும் அலகு பொருந்துகிறதா என்று பார்ப்பது. மீட்டரோடு கிலோகிராமைக் கூட்டினால் உடனே பிடித்துக்கொடுத்துவிடும். ஆனால் சுற்றையும் ரேடியனையும் இரண்டுமே "1" என்று அழித்த பிறகு 5.83 சுற்று/வினாடியும் 5.83 ரேடியன்/வினாடியும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். எந்தப் பிழை அதிகம் நடக்குமோ, அதைப் பிடிக்கிற வசதியைத்தான் நாமே பிடுங்கி எறிந்திருக்கிறோம். ஆடிட்டர் கண்ணைக் கட்டிவிட்டு ஆடிட் பண்ணச் சொல்கிற மாதிரி.

எங்கள் தெருவில் ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு தம்பி, டெஸ்ட் பேப்பரை என்னிடம் காட்டினான். 1440 ஆர்.பி.எம். மோட்டாரின் கோணத் திசைவேகம் என்ன என்று கேள்வி. 60-ஆல் வகுத்து "24 / வினாடி" என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மையில் பெரிய இன்ட்டு மார்க். சரியான விடை 150.8. "அண்ணா, அலகு சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. ஏனென்றால் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த விதிப்படி அவன் கேட்டது நியாயம். ரேடியனை எழுத வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தவர்களே, அது இல்லாததால் அவன் தடுமாறியபோது மார்க்கைப் பிடித்துக்கொண்டார்கள். விதியைப் போட்டவருக்கு அபராதம் கிடையாது, விதியை நம்பியவனுக்கு அபராதம். நல்லா இருக்குல்ல?

"நீளத்தை நீளத்தால் வகுத்தால் அலகு ஏது?"

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எல்லோரும் சொல்வது. ரேடியன் என்பது வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தது. மீட்டர்/மீட்டர். அடித்துவிட்டால் வெறும் எண். வெறும் எண்ணுக்கு எதற்கு அலகு?

சரி, கடைக்கு வாருங்கள். ஒரு பொருளை 80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிறேன். லாபம் 20 ரூபாய். எத்தனை சதவீதம்? அடக்க விலையில் பார்த்தால் 25. விற்பனை விலையில் பார்த்தால் 20. இரண்டும் ரூபாய்/ரூபாய்தான். இரண்டுமே வெறும் எண்தான். அதற்காக "எதன் மேல்" என்பதை அழித்துவிட்டு 25-ஐயும் 20-ஐயும் மாற்றி மாற்றிப் போட முடியுமா? போட்டால் முதல் வருடமே கடையைச் சாத்த வேண்டியதுதான். பி.காம். முதல் செமஸ்டர் மாணவன்கூட "லாபம் 25 சதவீதம்" என்று பார்த்தால் "அடக்கத்திலா, விற்பனையிலா?" என்று கேட்பான்.

கோணமும் அப்படியேதான். வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் ரேடியன். அதே வில்லின் நீளத்தை முழுச் சுற்றளவால் வகுத்தால் சுற்று. இரண்டும் மீட்டர்/மீட்டர். அரைவட்டத்தை எடுத்துக்கொண்டால் முதல் முறையில் 3.1416 வரும், இரண்டாவது முறையில் 0.5 வரும். கோணம் ஒன்றுதான், வகுத்த எண்தான் வேறு. எதால் வகுத்தோம் என்ற தகவல் அந்த "ரேடியன்" என்ற சொல்லில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. அந்தச் சொல்லை அடித்துவிட்டால் தகவலும் போயிற்று. அலகு இல்லாத எண் வேறு, அடையாளம் இல்லாத எண் வேறு.

பெரிய இடத்திலேயே கதை இப்படித்தான்

ரேடியனுக்கு நேர்ந்ததைக் கேட்டால் பாவமாக இருக்கும். அந்தச் சொல் அச்சில் முதலில் வந்ததே ஒரு பரீட்சைக் கேள்வித்தாளில்தான். 1873-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் தாம்சன் (கெல்வின் பிரபுவின் அண்ணன்) கொடுத்த கேள்விகள் அவை. பிறந்தது பரீட்சையில், அதனால்தானோ என்னவோ இன்றுவரை பரீட்சை எழுதுகிறவர்களை அது விடவே இல்லை. ;-)

1960-ல் எஸ்.ஐ. முறை வந்தபோது ரேடியனை அடிப்படை அலகிலும் சேர்க்கவில்லை, வழி அலகிலும் சேர்க்கவில்லை. "துணை அலகு" என்று தனித் திண்ணையில் உட்காரவைத்தார்கள். 1995-ல் அந்தத் திண்ணையையும் இடித்துவிட்டு, "நீ பரிமாணமில்லாத வழி அலகு, உன் மதிப்பு 1" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பக்கம் ஹெர்ட்ஸ். பழைய ரேடியோப் பெட்டிகளில் "கிலோ சைக்கிள்" என்று போட்டிருக்கும். சைக்கிள்/வினாடி என்பதுதான் அன்றைய வழக்கு. கேட்டவுடனே புரியும், வினாடிக்கு எத்தனை சுழற்சி என்று. அந்த இடத்தில் ஹெர்ட்ஸ் என்ற பெயர் வந்தது. ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1894-லேயே, நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோன மேதை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பெயர் மாறியபோது "சைக்கிள்" என்ற சொல் காணாமல் போனது. ஹெர்ட்ஸின் அதிகாரபூர்வ விளக்கம் வெறும் 1/வினாடி.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஹெர்ட்ஸ் = 1/வினாடி. ரேடியன் = 1, ஆகவே ரேடியன்/வினாடி = 1/வினாடி. அப்படியானால் நம் வீட்டுக்கு வருகிற 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒமேகா 50 ரேடியன்/வினாடியா? ஈ.ஈ.ஈ. நண்பர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "314" என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. விதியை அப்படியே பின்பற்றினால் வருவது தப்பு. இரண்டு பேருக்கு ஒரே பெயரில் லெட்ஜர் திறந்தால் இப்படித்தான் ஆகும்.

இது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2019-ல் வெளிவந்த எஸ்.ஐ. கையேட்டின் ஒன்பதாம் பதிப்பே, இவற்றை 1/வினாடி என்று எழுதுவது முறைப்படி சரி என்று ஒத்துக்கொண்டு, கூடவே அதிர்வெண்ணையும் கோண அதிர்வெண்ணையும் கலக்கினால் 2 பை அளவுக்குப் பிழை வரும், அதனால் ஹெர்ட்ஸ் அல்லது ரேடியன்/வினாடி என்று வெளிப்படையாகவே எழுதுங்கள் என்று அறிவுரையும் சொல்கிறது. கதவைத் திறந்து போட்டுவிட்டு "திருடர்கள் ஜாக்கிரதை" என்று போர்டு மாட்டின மாதிரி.

"நீ யாருடா எஸ்.ஐ.யைக் கேள்வி கேட்க?" என்பவர்களுக்கு: நான் யாருமில்லை. ஆனால் 1997-ல் பௌதிக நோபல் பெற்ற வில்லியம் ஃபிலிப்ஸும், பீட்டர் மோரும் சேர்ந்து 2015-ல் மெட்ரோலாஜியா இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ரேடியன் மாதிரியான அலகுகளை எல்லாம் "1" என்ற ஒரே பையில் போட்டால் எஸ்.ஐ. முறையே தனக்குத்தானே முரண்படும் என்பது அதன் சாரம். பிளாங்க் மாறிலியைப் பாருங்கள். ஹெச் என்று ஒன்று, ஹெச்-பார் என்று ஒன்று. ஒன்றைவிட இன்னொன்று 6.2832 மடங்கு பெரியது. இரண்டுக்கும் ஒரே அலகு, ஜூல்-வினாடி. ஏன் இந்த 6.2832 என்று கேட்டால், அந்த அலகுக்குள் எங்கேயும் பதில் கிடையாது.

"சந்தர்ப்பத்தைப் பார்த்தாலே புரியும்"

இரண்டாவது எதிர்வாதம் இது. எந்த இடத்தில் எது என்று படித்தவர்களுக்குத் தெரியும், எழுத வேண்டிய அவசியம் இல்லை என்பார்கள்.

வட்டிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். "ரெண்டு வட்டி" என்பார்கள். விவரம் தெரிந்தவருக்குப் புரியும், நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். விவரம் தெரியாதவர் "பாங்க்ல 12 கேக்கறான், இவரு ரெண்டுதானே கேக்கறாரு" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். சொல்லாமல் விட்ட "மாதத்துக்கு" என்ற ஒரு சொல் அவர் வீட்டுக்காரம்மாவின் வளையலைச் சாப்பிட்டுவிடும். சந்தர்ப்பத்தைப் பார்த்தால் புரியும் என்பது ஏற்கெனவே புரிந்தவர்கள் சொல்கிற வசனம். அலகை எழுதுவது புரியாதவருக்காக. பாடப்புத்தகம் யாருக்காக?

அதோடு, சந்தர்ப்பம் நிறைய இடத்தில் காலை வாரிவிடும். அந்த 1440 ஆர்.பி.எம். மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு துருவ மோட்டார். அதற்குள் போகிற மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அச்சு சுற்றுவது வினாடிக்கு 24 சுற்று. மின்சாரத்துக்கு இரண்டு சுழற்சி முடியும்போது உள்ளே காந்தப்புலம் ஒரு சுற்றுதான் சுற்றும், அதாவது 1500 ஆர்.பி.எம். அச்சு அதைவிடக் கொஞ்சம் பின்தங்கி ஓடும். ஆக ஒரே மோட்டாரில் 50, 25, 24 என்று மூன்று "ஹெர்ட்ஸ்".

பைக் இன்ஜினும் அப்படித்தான். ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் வினாடிக்கு 100 சுற்று. ஆனால் பெட்ரோல் வெடிப்பது இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, வினாடிக்கு 50 வெடிப்பு. 100-ம் ஹெர்ட்ஸ்தான், 50-ம் ஹெர்ட்ஸ்தான். எதை எண்ணினோம் என்று எழுதாமல் 1/வினாடி என்று மட்டும் எழுதினால் அது ரசீதில் "வாங்கியது: 50" என்று எழுதுகிற மாதிரி. எதை வாங்கினீர், முட்டையா மோட்டாரா?

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

"மார்க் ரெண்டு போகும், அவ்வளவுதானே" என்று நினைப்பவர்களுக்காக. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பக்கத்தில் காணாமல் போனது நினைவிருக்கலாம். ஒரு தரப்பு பவுண்டு கணக்கில் கொடுத்த எண்ணை, இன்னொரு தரப்பு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு. அந்தப் பிழை பல மாதம் யார் கண்ணிலும் சரியாகப் படாமல் கூடவே பயணம் செய்தது. நம்முடைய 6.28 அதே குடும்பம்தான்.

செவ்வாய் வேண்டாம், வெல்டிங் பட்டறைக்கு வாருங்கள். இரும்பு அறுக்கிற கட்டிங் வீலைக் கையில் எடுத்துப் பாருங்கள். 180 மில்லிமீட்டர் வீலில் "80 மீட்டர்/வினாடி, 8500 ஆர்.பி.எம்." என்று அச்சடித்திருக்கும். இரண்டும் ஒரே எல்லைதான். 8500-ஐ 60-ஆல் வகுத்தால் வினாடிக்கு 141.7 சுற்று, அதாவது 890 ரேடியன். ஆரம் 0.09 மீட்டர். பெருக்கினால் 80 மீட்டர்/வினாடி. மணிக்கு 288 கிலோமீட்டர்!

சின்ன 4 இஞ்சு மெஷின் சுமார் 11,000 ஆர்.பி.எம். ஓடும். சில இடங்களில் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு அதில் பெரிய வீலை மாட்டுகிறார்கள், ஆழமாக அறுக்கலாம் என்று. அப்போது 180 மில்லிமீட்டர் வீலின் விளிம்பு 104 மீட்டர்/வினாடியில் ஓடும். எல்லையைவிட 30 சதவீதம் அதிகம் என்று பார்ப்பதற்குத் தோன்றும். ஆனால் வீலைப் பிய்க்கிற இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 1.3-ஐ 1.3-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.7. வீல் வெடித்தால் துண்டு எங்கே பாயும் என்று சொல்லத் தேவையில்லை. கவசமும் கழற்றியாயிற்று.

இதையே அந்த "விட்டுவிடலாம்" முறையில் ஒரு பையன் சரிபார்க்கிறான் என்று வையுங்கள். 11,000-ஐ 60-ஆல் வகுத்து 183/வினாடி. ஆரம் 0.09. விடை 16.5 மீட்டர்/வினாடி. "80 வரைக்கும் தாங்கும், 16-தான் போகுது, தாராளமா மாட்டலாம்ணே" என்று சொல்லிவிடுவான். அலகு பொருந்தியிருக்கிறது, எண்ணும் நம்பும்படி இருக்கிறது, விதியும் மீறவில்லை.

ஒன்று கவனித்தீர்களா? வீல் மேல் அச்சடித்தவர் 8500/நிமிடம் என்று எழுதவில்லை, சுற்று என்பதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். மோட்டார் பெயர்ப்பலகை, ஃபேன், வாஷிங் மெஷின், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றிலும் ஆர்.பி.எம்.தான். எதை எண்ணுகிறோம், எவ்வளவு நேரத்துக்கு என்று இரண்டையும் தன் பெயரிலேயே வைத்திருக்கிற நேர்மையான அலகு அது. ஆனால் எஸ்.ஐ.யோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதிக்கப்பட்ட அலகுகளின் பட்டியலில் டிகிரி இருக்கிறது, சுற்று இல்லை. உலகமே பயன்படுத்துவது பட்டியலில் இல்லை, உலகத்தைக் குழப்புவது "1" என்ற மதிப்போடு சிம்மாசனத்தில்!

"ரேடியனை வைத்துக்கொண்டால் சூத்திரம் கெடுமே?"

மூன்றாவது எதிர்வாதம், இதுதான் கொஞ்சம் கனமானது. வேகம் = ஒமேகா × ஆரம். ரேடியனை அழிக்காவிட்டால் வலப்பக்கம் ரேடியன்-மீட்டர்/வினாடி என்று வரும். வேகத்துக்கு மீட்டர்/வினாடிதானே அலகு? நடுவில் நிற்கும் ரேடியனை என்ன செய்வது?

பீஸ் ரேட் கூலி மாதிரி பாருங்கள். ஒரு நாளைக்கு 40 சட்டை, சட்டைக்கு 15 ரூபாய், ஆக ஒரு நாளைக்கு 600 ரூபாய். சட்டை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. "சட்டை/நாள்" என்பதும் "ரூபாய்/சட்டை" என்பதும் பெருக்கும்போது சட்டையும் சட்டையும் முறையாக அடிபடுகிறது. அதேபோல இந்தச் சூத்திரத்தில் வருகிற ஆரத்தை, "ஒரு ரேடியன் திரும்பினால் விளிம்பு எத்தனை மீட்டர் நகரும்" என்று படியுங்கள். மீட்டர்/ரேடியன். ரேடியன்/வினாடியோடு பெருக்கினால் ரேடியன் முறையாக அடிபடும். மேஜிக் எதுவும் தேவையில்லை.

சக்திக் கணக்கும் இப்படியே. இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் 10 நியூட்டன்-மீட்டர் டார்க் கொடுக்கிறது. டார்க்கை "ஒரு ரேடியன் திருப்ப எத்தனை ஜூல்" என்று படியுங்கள். ரேடியனுக்கு 10 ஜூல், வினாடிக்கு 628.3 ரேடியன். ஆக 6283 வாட், சுமார் எட்டரை குதிரைத்திறன். சுற்றை அப்படியே போட்டிருந்தால் 1000 வாட்தான் வந்திருக்கும். "சுற்று/வினாடியை ஜூல்/ரேடியனோடு பெருக்குகிறாயே, இரண்டும் அடிபடாதே" என்று அலகே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கும், அதை எழுதி வைத்திருந்தால்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். ரேடியன் அருமையான அலகு. சின்னக் கோணத்துக்கு சைனும் கோணமும் ஏறக்குறைய சமம் என்பதெல்லாம் ரேடியனில்தான் அழகாக வரும். கால்குலஸ் போடுகிற கணித மேதைகள் அதை 1 என்று வைத்துக்கொள்ளட்டும். எஸ்.ஐ.யையே நாளைக் காலையில் மாற்று என்றும் நான் கேட்கவில்லை. அதை மாற்றினால் ஏகப்பட்ட சூத்திரங்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். நான் கேட்பது ஒன்றுதான். வகுப்பறையில், கணக்கின் ஒவ்வொரு வரியிலும், ரேடியனையும் சுற்றையும் எழுதுங்கள். எழுதினால் மார்க் கொடுங்கள். எழுதாவிட்டால் அங்கேயே கேளுங்கள், கடைசி வரியில் அரிவாளைத் தூக்காதீர்கள்.

அப்போ என்னதான் பண்றது?

வகுப்புத் தோழர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் நான் சொல்லிக்கொடுப்பது மூன்றே விஷயம்.

ஒன்று: சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். 0.10472-ஆல் பெருக்கு, 9.549-ஆல் பெருக்கு என்று அட்டவணையை நெட்டுருப் போட்டால் எது எங்கே என்று பரீட்சை ஹாலில் மறந்துபோகும். நினைவில் வைக்க வேண்டியது இரண்டே இரண்டு உண்மை. ஒரு சுற்று = 6.2832 ரேடியன். ஒரு நிமிடம் = 60 வினாடி. மீதி எல்லாம் அலகே வழிகாட்டும். "1440 சுற்று/நிமிடம் × 1 நிமிடம்/60 வினாடி × 6.2832 ரேடியன்/சுற்று" என்று எழுதி, நிமிடத்தோடு நிமிடத்தையும் சுற்றோடு சுற்றையும் அடித்துக்கொண்டே வாருங்கள். மிச்சம் நிற்பது ரேடியன்/வினாடி. மிச்சம் வேறு ஏதாவது நின்றால் எங்கேயோ தப்பு.

இரண்டு: 1/வினாடி என்று எழுதவே எழுதாதீர்கள். சுற்று/வினாடி, ரேடியன்/வினாடி, துடிப்பு/வினாடி, வெடிப்பு/வினாடி என்று எதை எண்ணினீர்களோ அதை எழுதுங்கள். ஹெர்ட்ஸ் என்று கேள்வியில் வந்தால் "எதன் ஹெர்ட்ஸ்?" என்று பக்கத்தில் பென்சிலால் குறித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

மூன்று: அளவைப் பார்த்து சரிபாருங்கள். ரூபாயைப் பைசாவாக மாற்றினால் எண் பெரிதாகும், ஏனென்றால் பைசா சின்னது. ரேடியன் சுற்றைவிடச் சின்னது, சுமார் 57 டிகிரிதான். ஆகவே ஒரே பொருளுக்கு ரேடியன்/வினாடி எண், சுற்று/வினாடி எண்ணைவிட ஆறு மடங்குக்கு மேல் பெரியதாக இருக்க வேண்டும். ஆர்.பி.எம். எண் அதையும்விடப் பெரியது, ஒன்பதரை மடங்கு. ஹெர்ட்ஸ் சின்னது, ரேடியன் நடுவில், ஆர்.பி.எம். பெரியது. 24, 150.8, 1440. இந்த வரிசை மாறினால் கணக்கு தப்பு.

இந்த மூன்றையும் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். "இதை எழுதினா மிஸ் மார்க் குறைப்பாங்களா அண்ணா?" என்று கேட்டான். "ரேடியன் எழுதினதுக்கு மார்க் குறைச்சாங்கன்னா பேப்பரைக் கொண்டா, நானே வந்து பேசறேன்" என்று சொல்லியிருக்கிறேன். வீரமாகச் சொல்லிவிட்டேன், போக வேண்டி வந்தால் துணைக்கு யாராவது பிசிக்ஸ் நண்பர்கள் வாருங்களேன். :-)

எங்கள் பாடத்தில் ஒரு பதிவு போட்டால் கீழே ஒரு வரி விளக்கக் குறிப்பு எழுத வேண்டும், எதற்காகப் பணம் வந்தது, எதற்காகப் போனது என்று. அது இல்லாத பதிவை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். ஒமேகாவுக்கு ரேடியன்தான் அந்த விளக்கக் குறிப்பு. அதை அழிக்கச் சொல்கிற எவரும், எவ்வளவு பெரிய படிப்புப் படித்திருந்தாலும், என் கடையில் கணக்கெழுத முடியாது.

டிஸ்கி: மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வரும்போது மட்டும் அலகோடு வாருங்கள்.